விசையிலிருந்து சக்திக்கு: ஒரு பௌதிக எண்ணக்கருவின் வரலாறு

பௌதிகவியலைக் கற்கப் புகும் மாணவன் முதன்முதலில் எதிர்கொள்ளும் சொற்களுள் விசை, வேலை, சக்தி, வலு என்னும் நான்கும் தலையாயவை. பாடநூல் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் வரைவிலக்கணம் தந்துவிடுகின்றது. பொருளொன்றின் இயக்கத்தை மாற்றுவது விசை. விசையின் தாக்கப்புள்ளி விசையின் திசையில் நகரும்போது வேலை செய்யப்படுகின்றது. வேலை செய்வதற்கான இயலளவு சக்தி. வேலை செய்யப்படும் வீதம் வலு. மாணவன் இவற்றை மனனஞ் செய்து, கணக்குகளைச் செய்து, பரீட்சையிலும் தேறிவிடுகின்றான். ஆயின், இவ்வளவு எளிமையாகத் தோன்றும் இந்நான்கு சொற்களையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவதற்கு ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்களுக்கு ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. அக்காலப்பகுதியில் நிகழ்ந்த வாதங்களையும், பரிசோதனைகளையும், புறக்கணிப்புகளையும் அறியாதவனுக்கு அவ்வரைவிலக்கணங்கள் வெறுஞ் சொற்களாகவே நின்றுவிடும். அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்குச் சொல்லும் அறிவியற் சொல்லும்

அன்றாட வழக்கில் இந்நான்கு சொற்களும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வழங்கத்தக்கவை. பாரமான மூட்டையொன்றைத் தலையிற் சுமந்தவாறு அசையாது நிற்பவன் களைத்துப் போகின்றான். அவன் வேலை செய்யவில்லை என்று எவருங் கூறார். ஆயினும் மூட்டையைப் பொறுத்தவரை, அது நகராதிருக்கும்போது அதன்மேற் செய்யப்படும் வேலை பூச்சியமே என்று பொறிமுறை கூறும். அவனது தசைநார்கள் சக்தியைச் செலவிட்டு அதனை வெப்பமாக மாற்றுகின்றன. மூட்டைக்கு எதுவுஞ் சேர்வதில்லை. அதே மனிதன் 50 கிலோகிராம் திணிவுள்ள அம்மூட்டையை 3 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவானாயின் ஏறத்தாழ 1,470 யூல் வேலையைச் செய்தவனாவான். அதனை 5 செக்கனிற் செய்தாலும் 30 செக்கனிற் செய்தாலும் வேலை ஒன்றே. மாறுவது வலு மட்டுமே. முதல் நிலையில் அது 294 வாற்று. இரண்டாவது நிலையில் 49 வாற்று.

இத்தெளிவு எளிதாகக் கிட்டியதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் இயக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியவர். பொருளொன்று தொடர்ந்து இயங்குவதற்கு அதனைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்கும் காரணி ஒன்று வேண்டும் என்பது அவர் கொள்கை. மாட்டு வண்டியையும் துடுப்புப் படகையுங் கண்ட எவருக்கும் அது இயல்பான முடிவாகவே தோன்றும். பிற்காலத்திற் சக்தியைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் எடுத்தாண்ட 'எனேர்கேயா' என்னுஞ் சொல்லும் அவருடையதே. எனினும் அவர் அதனைச் செயல்நிலையில் இருத்தல் என்னும் தத்துவப் பொருளிலேயே வழங்கினார். அளவிடக்கூடிய கணியமாக அதனைக் கொள்ளவில்லை. இயங்கும் பொருள் தடையேதும் இல்லாதபோது தானாகவே தொடர்ந்து இயங்கும் என்னும் எண்ணம் 17ஆம் நூற்றாண்டில், கலிலியோவின் ஆய்வுகளின் பின்னரே உறுதிபெற்றது. அதன் பின்னரே, இயங்கும் பொருளிடத்து உள்ளது யாது, அதனை எவ்வாறு அளப்பது என்னும் வினா எழ இடமுண்டாயிற்று.

டேக்கார்ட்டும் லைப்னிற்சும்

இவ்வினாவுக்கு முதலில் விடைகூற முற்பட்டவர் பிரெஞ்சுத் தத்துவஞானி றெனே டேக்கார்ட் ஆவார். 1644இல் வெளிவந்த தமது தத்துவக் கோட்பாடுகள் என்னும் நூலில், இறைவன் உலகைப் படைத்தபோது அதில் இட்ட இயக்கத்தின் மொத்த அளவு என்றும் மாறாது என்று அவர் கூறினார். அவ்வளவைப் பொருளின் பருமனையுங் கதியையும் பெருக்கிப் பெறலாம் என்பது அவர் கருத்து. திசையை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. அதனால் அவர் வகுத்த மோதுகை விதிகளுட் பெரும்பாலானவை பிழையாயின. ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்ரியன் ஹைகன்ஸ் அப்பிழைகளைக் களைந்து 1669இல் மோதுகையின் சரியான விதிகளை வெளியிட்டார். வன்மையான பொருள்கள் மோதி மீளும்போது, ஒவ்வொன்றினதும் திணிவை அதன் கதியின் வர்க்கத்தாற் பெருக்கிக் கூட்டினால் வருந் தொகை மோதலுக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கின்றது என்பதையும் அவர் கண்டார். ஹைகன்சுக்கு அது பயனுள்ள ஒரு கணிதத் தொடர்பு. லைப்னிற்சுக்கோ அது இயற்கையின் அடிப்படையாகத் தோன்றிற்று.

1686இல் ஜேர்மானிய அறிஞர் கொற்பிரீட் வில்ஹெல்ம் லைப்னிற்ஸ் டேக்கார்ட்டின் பிழையைச் சுட்டிக்காட்டும் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டார். அதன் வாதம் தொடக்கநிலை மாணவனும் விளங்கிக்கொள்ளத்தக்கது. ஓர் இறாத்தல் நிறையுள்ள பொருளை 4 முழம் உயர்த்துவதற்கும், 4 இறாத்தல் நிறையுள்ள பொருளை ஒரு முழம் உயர்த்துவதற்கும் ஒரே அளவு 'விசை' வேண்டும். இதனை டேக்கார்ட்டின் மாணாக்கரும் ஏற்பர். இனி அவ்விரு பொருள்களையும் அவ்வவ்வுயரங்களிலிருந்து விழவிடுவோமாயின், கலிலியோ காட்டியபடி வீழுங் கதி உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாதலின், முதற் பொருள் 2 பங்கு கதியையும் இரண்டாம் பொருள் ஒரு பங்கு கதியையும் பெறும். டேக்கார்ட்டின் அளவைப்படி முதற் பொருளின் இயக்க அளவு 2. இரண்டாவதன் அளவு 4. சமமாக இருக்கவேண்டியவை சமமற்றுப் போகின்றன. கதிக்குப் பதிலாகக் கதியின் வர்க்கத்தைக் கொண்டாலோ இரண்டும் 4 ஆகிச் சமமாகின்றன. எனவே, இயற்கையிற் காக்கப்படுவது திணிவையுங் கதியின் வர்க்கத்தையும் பெருக்கிவருங் கணியமே என்று லைப்னிற்ஸ் முடிவு கட்டினார். 1695இல் அதற்கு அவர் 'உயிருள்ள விசை' என்று பெயரிட்டார். அசையாது அழுத்திக்கொண்டிருக்கும் பாரத்தின் விசையை அவர் 'உயிரற்ற விசை' என்றார்.

இதற்கு அடுத்த ஆண்டில், 1687இல், நியூற்றனின் பிரின்சிப்பியா வெளிவந்தது. விசை என்பதற்கு இன்றுவரை நிலைத்துநிற்கும் பொருளை அளித்தது அந்நூலேயாகும். விசை பொருளின் உந்தத்தை மாற்றுகின்றது. உந்தம் திசையையும் உட்கொண்டது. நியூற்றனின் முறையிலே கதியின் வர்க்கத்துக்குச் சிறப்பிடம் எதுவும் இருக்கவில்லை. இதனால் ஐரோப்பிய அறிஞருலகம் இரு அணிகளாகப் பிரிந்தது. இங்கிலாந்தில் நியூற்றனின் வழிவந்தோரும் பிரான்சில் டேக்கார்ட்டின் வழிவந்தோரும் உந்தமே இயக்கத்தின் உண்மையான அளவை என்றனர். ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் பலர் லைப்னிற்சின் பக்கஞ் சார்ந்தனர். இரு தத்துவ மரபுகளினதும் நாடுகளினதும் மதிப்பும் இவ்விவாதத்தோடு பிணைந்திருந்தமையால் அது கணிதத்தால் மட்டுந் தீர்க்கத்தக்கதாய் இருக்கவில்லை.

களிமண்ணிற் பதிந்த சான்று

விவாதத்தை ஏட்டிலிருந்து பரிசோதனை மேசைக்குக் கொண்டுவந்தவர் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் விலெம் ஸ்கிராவெசாண்டே ஆவார். அவர் நியூற்றனின் கொள்கையைப் பரப்புவதில் முன்னின்றவர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. 1720களின் தொடக்கத்தில் அவர் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்மையான களிமண்ணின் மீது விழச்செய்தார். இருமடங்கு கதியுடன் விழுந்த குண்டு உண்டாக்கிய பள்ளம் இருமடங்காயிராது நான்கு மடங்காயிருந்தது. தாம் சார்ந்திருந்த அணிக்கு மாறாகச் சான்று அமைந்தபோது, அவர் அணியை விட்டுச் சான்றைப் பின்பற்றினார்.

இப்பரிசோதனைகளின் பொருளைப் பிரான்சில் எடுத்துரைத்தவர் எமிலி டு சாற்றலே என்னும் அம்மையார். 1740இல் வெளியிட்ட பௌதிக நூலில் அவர் லைப்னிற்சின் கருத்தை ஆதரித்தார். பரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் செயலாளராயிருந்த மேறனுக்கும் அவருக்கும் இது பற்றி அச்சிலேயே வாதப்பிரதிவாதம் நிகழ்ந்தது. பெண்களுக்குக் கழகத்தின் கதவு அடைபட்டிருந்த காலத்தில், அக்கழகத்தின் செயலாளருடன் சமநிலையில் நின்று வாதிட்டமை சிறிய செயலன்று. நியூற்றனின் பிரின்சிப்பியாவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. 1749இல் மகப்பேற்றை அடுத்துச் சில நாள்களில் அவர் காலமானார். மொழிபெயர்ப்பு 1759இலேயே முழுமையாக வெளிவந்தது.

விவாதத்தின் தீர்வு பின்வருமாறு அமைந்தது. விசையொன்று தாக்கும் காலத்தைக் கருதினால், விசையையுங் காலத்தையும் பெருக்கிவரும் அளவு உந்தத்தின் மாற்றத்துக்குச் சமம். அதே விசை தாக்குந் தூரத்தைக் கருதினால், விசையையுந் தூரத்தையும் பெருக்கிவரும் அளவு, திணிவையுங் கதியின் வர்க்கத்தையும் பெருக்கிவருவதன் பாதியில் ஏற்படும் மாற்றத்துக்குச் சமம். இருமடங்கு கதியுடன் மேல்நோக்கி எறியப்பட்ட கல் இருமடங்கு நேரம் ஏறுகின்றது. ஆனால் நான்கு மடங்கு உயரத்தை அடைகின்றது. நேரத்தை அளப்பவனுக்கு ஒரு விடையும் உயரத்தை அளப்பவனுக்கு வேறொரு விடையும் கிடைக்கின்றன. இரண்டும் உண்மையே. பிரெஞ்சுக் கணித அறிஞர் டலம்பேர் 1743இல் இதனைச் சொற்களைப் பற்றிய சண்டை என்று ஒதுக்க முற்பட்டார். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் வெவ்வேறான இரு கணியங்களை 'விசை' என்னும் ஒரே சொல்லால் அழைத்தமையே குழப்பத்தின் வேர் என்பதை நோக்குமிடத்து, சொற்சண்டை என்பது அற்பமான சண்டை என்று பொருள்படாது.

பொறிகள் கற்பித்த பாடம்

தத்துவஞானிகள் உயிருள்ள விசையைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தபோது, சுரங்க உரிமையாளரின் கவலை வேறாயிருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பதற்குத் தோமஸ் நியூக்கோமன் 1712இல் நீராவிப் பொறியை அமைத்தார். அது ஏராளமான நிலக்கரியை விழுங்கியது. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துக்குரிய நியூக்கோமன் பொறியின் மாதிரியொன்றைப் பழுதுபார்க்கும் பணி 1763ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் வாற் என்னுங் கருவித் தொழிலாளரிடம் வந்தது. உருளையை ஒவ்வொரு முறையும் சூடாக்குவதும் குளிரச்செய்வதுமே வீண்செலவுக்குக் காரணம் என்று கண்ட அவர், நீராவியைத் தனியான ஓர் ஒடுக்கியிற் குளிரச்செய்யும் முறையை வகுத்து 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

வாற்றும் அவர் பங்காளி மத்தியூ போல்ற்றனும் பொறிக்கான கட்டணத்தை அறவிட்ட முறை பௌதிக வரலாற்றுக்கும் உரியது. நியூக்கோமன் பொறியோடு ஒப்பிடுகையில் மிச்சமாகும் எரிபொருளின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கை அவர்கள் கோரினர். அதற்குப் பொறியின் பயனை எண்ணால் அளக்கவேண்டியதாயிற்று. ஒரு புசல் நிலக்கரியை எரித்து எத்தனை இறாத்தல் நீரை எத்தனை அடி உயர்த்தலாம் என்பதே அவ்வளவை. நிறையையும் உயரத்தையும் பெருக்கிவரும் இத்தொகை, லைப்னிற்ஸ் தமது வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்ட அதே தொகையாகும். தத்துவஞானி நூலறையிற் கண்டதைப் பொறியாளன் சுரங்க வாயிலில், கணக்கேட்டின் தேவையினாற் கண்டான்.

ஆலைகளில் குதிரைகளுக்குப் பதிலாக நீராவிப் பொறிகள் இடம்பெறத் தொடங்கியபோது வேறொரு வினா எழுந்தது. ஆலை முதலாளிக்கு மொத்த வேலை மட்டும் போதாது. அவ்வேலை எவ்வளவு விரைவில் நடைபெறும் என்பதும் தெரியவேண்டும். இப்பொறி எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று கேட்பது அவனுக்கு இயல்பாயிருந்தது. 1780களின் தொடக்கத்தில் வாற் ஒரு குதிரையின் வேலை வீதத்தை நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் எனக் கணித்தார். இதுவே பரிவலு என்னும் அலகு. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 746 வாற்று. வேலையை அதற்குச் செல்லும் நேரத்தால் வகுக்கவேண்டும் என்னும் வலுவின் எண்ணக்கரு இவ்வாறு சந்தையிற் பிறந்தது.

பொறியாளரின் இவ்வனுபவத்தைக் கணிதப் பொறிமுறையோடு இணைத்த பெருமை பிரெஞ்சு அறிஞருக்கே உரியது. கஸ்பார் கொறியோலி 1829இல் வெளியிட்ட நூலில், விசையையுந் தூரத்தையும் பெருக்கிவரும் கணியத்துக்கு 'வேலை' என்னும் பெயரை நிலைநாட்டினார். உயிருள்ள விசைக்கு முன்னால் அரை என்னும் எண்காரணியைச் சேர்த்து, செய்யப்பட்ட வேலைக்கு அது நேர்ச்சமமாகும்படி செய்தவரும் அவரே. அன்றாடக் கூலியாளின் உழைப்பைக் குறித்த சொல் அறிவியலின் வரைவிலக்கணம் ஆயிற்று. இதற்கு முன்னரே, 1807இல், இங்கிலாந்து அறிஞர் தோமஸ் யங் உயிருள்ள விசைக்குக் கிரேக்க வழிச் சொல்லைப் பெயராகச் சூட்டியிருந்தார். அரை நூற்றாண்டு கடந்த பின்னரே அப்பெயர் ஆட்சிக்கு வந்தது.

வெப்பம் என்னும் புதிர்

இவ்வளவில், வேலையும் இயக்கமும் ஒன்றாக இணைந்தன. ஆயினும் ஒரு பெருங் குறை எஞ்சியிருந்தது. களிமண்ணில் விழுந்த குண்டு ஓய்ந்துவிடுகின்றது. உராய்வினால் வண்டி நின்றுவிடுகின்றது. அப்போது உயிருள்ள விசை எங்கே போகின்றது? லைப்னிற்ஸ் அது பொருளின் நுண்ணிய கூறுகளுக்குள் மறைந்து செல்கின்றது என்றார். அதற்குச் சான்று காட்ட அவரால் இயலவில்லை. அன்று பெரும்பாலோர் வெப்பத்தைக் 'கலோரிக்' என்னும் நுண்ணிய பாய்மமாகவே கருதினர். அப்பாய்மம் ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை என்பது கொள்கை. அவ்வாறாயின் இயக்கம் வெப்பமாக மாறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அமெரிக்காவிற் பிறந்து பவேரியாவிற் பெரும்பதவி வகித்த றம்போட் பிரபு மியூனிக் நகரில் பீரங்கிகளைத் துளையிடும் தொழிலை மேற்பார்வை செய்தபோது, உலோகம் மிகவுஞ் சூடேறுவதைக் கண்டு வியந்தார். மழுங்கிய துளைகருவியொன்றைக் குதிரைகளின் உதவியாற் சுழற்றி, சூழவிருந்த நீரை ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலத்தில் நெருப்பின்றியே கொதிக்கச்செய்தார். குதிரைகள் சுற்றிக்கொண்டிருக்கும் வரை வெப்பம் குறையாது வந்துகொண்டேயிருந்தது. வற்றாது வரும் ஒன்று பாய்மமாய் இருத்தல் இயலாது. அது இயக்கமாகவே இருத்தல் வேண்டும் என்று 1798இல் அவர் எழுதினார். எனினும் கலோரிக் கொள்கை அதனால் வீழ்ந்துவிடவில்லை. 1824இல் நீராவிப் பொறியின் கோட்பாட்டை வகுத்த சாடி காணோவின் புகழ்பெற்ற நூலும் கலோரிக்கை அடிப்படையாகக் கொண்டதே. தமது இறுதிக் காலத்துக் குறிப்புகளில் காணோ அக்கொள்கையைக் கைவிட்டிருந்தார். 1832இல் கொலரா நோயால் 36 வயதில் அவர் மறைந்ததனால், அக்குறிப்புகள் 1878 வரை வெளிவராதிருந்தன.

மேயரும் யூலும்

வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்னும் முடிவை முதலில் எண்ணளவோடு வெளியிட்டவர் பௌதிகவியலாளர் அல்லர். ஜேர்மனியின் ஹைல்புரோன் நகரைச் சேர்ந்த மருத்துவர் யூலியஸ் றொபேட் மேயர் ஆவார். 1840இல் ஒல்லாந்துக் கப்பலொன்றில் மருத்துவராக அவர் யாவாத் தீவுக்குச் சென்றார். நோயுற்ற மாலுமிகளின் நாளங்களைத் திறந்து குருதி வடித்தபோது, அது எதிர்பார்த்த கருஞ்சிவப்பாயிராது நாடிக் குருதிபோலச் செந்நிறமாயிருக்கக் கண்டு வியப்புற்றார். வெப்ப வலயத்தில் உடல்வெப்பத்தைப் பேணுவதற்குக் குறைந்த தகனமே போதும்; ஆகவே குருதியிலிருந்து குறைந்தளவு ஒட்சிசனே எடுக்கப்படுகின்றது என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணம் அவரை மேலும் இழுத்துச் சென்றது. உண்ட உணவின் தகனமே உடல் வெப்பத்துக்கும் உடல் செய்யும் வேலைக்கும் மூலமாயின், வெப்பமும் வேலையும் ஒரே முதலின் இரு செலவினங்களாதல் வேண்டும். அவற்றுக்கிடையே நிலையான ஒரு நாணயமாற்று விகிதமும் இருத்தல் வேண்டும்.

நாடு திரும்பிய மேயர் 1841இல் எழுதியனுப்பிய கட்டுரைக்குப் பௌதிக ஆய்விதழின் ஆசிரியர் பொக்கென்டோர்ப் பதிலும் அனுப்பவில்லை. அக்கட்டுரையிற் பிழைகள் இருந்தமை உண்மையே. திருத்தி எழுதிய கட்டுரை 1842இல் லீபிக்கின் இரசாயன ஆய்விதழில் வெளிவந்தது. நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தும் வெப்பம், அதே நீர் ஏறத்தாழ 365 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடாகும் என்று அவர் கணித்தார். இன்றைய அளவீட்டின்படி அது ஏறத்தாழ 427 மீற்றர். அவர் பயன்படுத்திய வாயுக்களின் தன்வெப்ப அளவீடுகள் செம்மையற்றிருந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அவருடைய தருக்கத்திற் பிழையில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் நகரில், வடிசாலை உரிமையாளர் ஒருவரின் மகனாகிய ஜேம்ஸ் பிறெஸ்கொற் யூல் முற்றிலும் வேறொரு வழியில் அதே முடிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். அவர் தத்துவத்திலிருந்து தொடங்கவில்லை; வெப்பமானியிலிருந்து தொடங்கினார். மின்னோட்டம் கம்பியிற் பிறப்பிக்கும் வெப்பத்தை முதலில் அளந்தார். பின்னர், பாரங்கள் கீழிறங்கும்போது நூலும் கப்பியும் வழியாகத் துடுப்புச் சில்லொன்று நீரைக் கலக்கும்படி ஒரு கருவியை அமைத்து, நீரின் வெப்பநிலை ஏற்றத்தை அளந்தார். பாரங்களை 20 முறை இறக்கிய பின்னரும் நீர் ஏறத்தாழ அரைப் பாகை பரனைற்றளவே சூடேறிற்று. அறையின் வெப்பமும் பார்வையாளரின் உடல் வெப்பமும் அவ்வளவைக் கெடுத்துவிடக் கூடியவை. வடிசாலைத் தொழிலில் வெப்பநிலையை நுணுக்கமாகக் கவனித்துப் பழகிய மரபு அவருக்குக் கைகொடுத்தது எனலாம். ஓர் இறாத்தல் நீரை ஒரு பாகை பரனைற்றால் உயர்த்த 772 அடி-இறாத்தல் வேலை வேண்டும் என்று 1850இல் அவர் வெளியிட்ட பெறுமானம் இன்று ஏற்கப்படும் 778க்கு நூற்றுக்கு ஒரு வீதத்துக்குட் பொருந்துகின்றது. 160 அடி விழும் நயாகரா நீர்வீழ்ச்சியின் அடியில் நீர் ஏறத்தாழ ஐந்திலொரு பாகை கூடுதலாகச் சூடேறியிருத்தல் வேண்டும் என்றும் அவர் கணித்துக் காட்டினார்.

யூலுக்கும் வரவேற்பு எளிதாகக் கிட்டவில்லை. 1844இல் அவர் அனுப்பிய கட்டுரையை வேத்தியற் கழகம் வெளியிட மறுத்தது. 1847இல் ஒக்ஸ்பேட் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞானச் சங்கக் கூட்டத்திற் சுருக்கமாகப் பேசுமாறு தலைவர் பணித்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவையில் இருந்த வில்லியம் தொம்சன் என்னும் இளம் பேராசிரியர் அப்பேச்சின் முக்கியத்துவத்தை உணர்ந்தார். காணோவின் கொள்கையைப் போற்றிய அவருக்கு யூலின் முடிவு உடனடியாக ஏற்புடையதாய் இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் சிந்தித்த பின்னர், 1851இல், இரண்டையும் இணைக்கும் வெப்ப இயக்கவியலை அவர் வகுத்தார். ஜேர்மனியில் ருடோல்ப் குளோசியஸ் அதற்கு முந்திய ஆண்டே அதனைச் செய்திருந்தார்.

1847ஆம் ஆண்டிலேயே, பொற்ஸ்டாம் நகரில் இராணுவ மருத்துவராயிருந்த 25 வயதினரான ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ற்ஸ் பேர்லின் பௌதிகக் கழகத்தின் முன் ஒரு கட்டுரையை வாசித்தார். சக்தியை முதலீடு செய்யாது வேலையைப் பெறும் நிரந்தர இயக்கப் பொறி ஒருபோதும் இயலாது என்னும் ஒரே கூற்றிலிருந்து, பொறிமுறை, வெப்பம், மின், காந்தம் ஆகிய துறைகள் அனைத்துக்கும் பொருந்தும் காப்பு விதியைக் கணித வடிவில் அவர் வருவித்தார். பொக்கென்டோர்ப்பின் ஆய்விதழ் இதனையும் ஏற்கவில்லை; அது தனி நூலாகவே வெளிவந்தது. டென்மார்க்கில் லுட்விக் கொல்டிங் என்னும் பொறியியலாளரும் 1843இல் இதனையொத்த கருத்தை முன்வைத்திருந்தார். மேயர், கொல்டிங், யூல், ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் நால்வரும் ஐந்தாண்டு காலத்துள் ஒருவரையொருவர் பெரும்பாலும் அறியாமலே ஒரே உண்மையை அணுகினர். வரலாற்றாசிரியர் தோமஸ் கூன் 1959இல் எழுதிய கட்டுரையில் அக்காலத்தில் இக்கருத்தின் கூறுகளைக் கண்டவர் பன்னிருவர் எனக் கணக்கிட்டார். நீராவிப் பொறியும், மின்கலமும், உயிரியல் ஆய்வும் ஒரே காலத்தில் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டமையே இதற்குக் காரணமாகும்.

மேயருக்கு நேர்ந்த கதி துயரமானது. அவரது முன்னுரிமை பேசப்படவில்லை. 1848இல் அவர் பிள்ளைகள் இருவர் இறந்தனர். 1850இல் அவர் மாடி யன்னலிலிருந்து குதித்து உயிர்விட முயன்று படுகாயமுற்றார். பின்னர் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1862இல் ஜோன் ரிண்டால் இலண்டனில் ஆற்றிய விரிவுரையில் மேயரின் பணியைப் புகழ்ந்துரைத்தபோது யூலின் ஆதரவாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். வேத்தியற் கழகத்தின் கொப்லிப் பதக்கம் 1870இல் யூலுக்கும் 1871இல் மேயருக்கும் வழங்கப்பட்டது. கழகம் அளித்த இத்தீர்ப்பு நீதியானதே. கருத்தை முதலிற் கண்டவர் ஒருவர். ஐயத்துக்கு இடமின்றி அளந்து நிறுவியவர் மற்றவர்.

பெயர் நிலைபெற்றமை

ஹெல்ம்ஹோல்ற்சின் கட்டுரைத் தலைப்பு 'விசையின் காப்பு' என்பதாகும். இங்கிலாந்தில் மைக்கல் பரடேயும் 1857இல் அதே சொற்றொடரின் கீழ் விரிவுரை ஆற்றினார். அவர் விசை என்று கருதியது இன்று சக்தி எனப்படுவது மட்டுமன்று. ஈர்ப்பு விசையும் அதனுட் கலந்திருந்தது. அதனால் அவர் ஈர்ப்பு விசை தூரத்தோடு குறைவது காப்பு விதிக்கு முரணாகுமோ என்று கலக்கமுற்றார். சொல் பிரியாதவரை பொருளும் பிரியவில்லை என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. 1850களில் தொம்சனும் றாங்கினும் யங்கின் பழைய சொல்லை மீட்டெடுத்தனர். 1853இல் றாங்கின் அழுத்தச் சக்தி என்னும் பெயரை இட்டார். 1862இல் தொம்சனும் ரெயிற்றும் இயக்கப்பாட்டுச் சக்தி என்னும் பெயரை வழங்கினர். வாற், யூல் ஆகியோரின் பெயர்களை அலகுகளுக்குச் சூட்டும் யோசனையை 1882இல் வில்லியம் சீமென்ஸ் முன்வைத்தார். ஒரு வாற்று என்பது ஒரு செக்கனுக்கு ஒரு யூல். இன்றும் வீட்டு மின்பட்டியலில் 'ஓர் அலகு' எனப்படும் கிலோவாற்று-மணித்தியாலம் 36 இலட்சம் யூல் ஆகும். அது சக்தியின் அளவேயன்றி வலுவின் அளவன்று என்பதை அறிந்தோர் சிலரே.

சக்தி காக்கப்படுமாயின், எரிபொருள் தீர்ந்துபோதல் பற்றி மனிதன் அஞ்சுவதேன்? இவ்வினாவுக்கும் அக்காலத்தவரே விடை கண்டனர். 1852இல் தொம்சன் சக்தியின் சிதறலைப் பற்றி எழுதினார். 1865இல் குளோசியஸ் எந்திரப்பி என்னுங் கணியத்துக்குப் பெயரிட்டார். சக்தி அழிவதில்லை; ஆனால் வேலையாக மாற்றத்தக்க நிலையிலிருந்து மாற்றவியலாத நிலைக்குப் பரவுகின்றது. செலவாவது சக்தியின் அளவன்று, அதன் பயன்தகவே.

பின்வந்த நூற்றாண்டில் இவ்விதி மேலும் ஆழம்பெற்றது. 1905இல் ஐன்ஸ்ரைன் திணிவும் சக்தியின் ஒரு வடிவமே என்று காட்டினார். 1918இல் எம்மி நேத்தர் என்னும் கணித மேதை, இயற்கை விதிகள் காலத்தோடு மாறாதிருத்தலின் விளைவே சக்திக் காப்பு என்று நிறுவினார். பீற்றா கதிர்வீசலிற் சக்தியின் ஒரு பகுதி காணாமற்போவதுபோலத் தோன்றியபோது, நீல்ஸ் போர் காப்பு விதியையே ஐயுற்றார். வூல்ப்காங் பௌலியோ 1930இல், அச்சக்தியைக் கொண்டுசெல்லும் காணப்படாத துணிக்கை ஒன்று இருத்தல் வேண்டும் என்றார். அந்நியூற்றினோவின் இருப்பு 1956இற் பரிசோதனையால் உறுதியாயிற்று. கணக்கு ஒவ்வாதபோது விதியைக் கைவிடாது, கணக்கில் விடுபட்டதைத் தேடுமாறு தூண்டும் அளவுக்கு அவ்விதி வலிமை பெற்றிருந்தது.

தமிழிற் கற்போருக்கு

இவ்வரலாறு தமிழில் அறிவியல் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் தனியான ஒரு பொருளுடையது. இலங்கையில் 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் வழியே வளர்ந்த தமிழ்ப் பாடநூல் மரபு சக்தி, வலு, திணிவு, நிறை என்று வழங்குவனவற்றைத் தமிழ்நாட்டு மரபு முறையே ஆற்றல், திறன், நிறை, எடை என்று வழங்குகின்றது. இங்கே நிறை என்பது பூமி பொருளை இழுக்கும் விசை. அங்கே அதே சொல் பொருளின் திணிவைக் குறிக்கும். இரு மரபு நூல்களையும் ஒருங்கே படிக்கும் மாணவன், ஸ்கிராவெசாண்டே காலத்து மாணவன் 'விசை' என்னும் சொல்லிற் பட்ட இடரின் சாயலை இங்கு காண்கின்றான். ஒருவர் சொல் சரி, மற்றவர் சொல் பிழை என்று வாதிடுதல் பயன் தராது. எந்தச் சொல்லும் எந்தக் கணியத்துக்கும் பெயராகலாம். ஒரு சொல் இரு கணியங்களுக்குப் பெயராதலே ஆகாது. சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியன் அதனை அளக்கும் முறையையும் சேர்த்தே கற்பிப்பானாயின் இடர் நீங்கும்.

விசை, வேலை, சக்தி, வலு என்னும் நான்கு சொற்களும் ஒருவர் மூளையில் ஒருநாளில் உதித்தவையல்ல. தத்துவஞானியின் நம்பிக்கையும், கணித அறிஞனின் தருக்கமும், சுரங்க உரிமையாளனின் செலவுக் கணக்கும், ஆலையிற் சுற்றிய குதிரையின் உழைப்பும், யாவாவிற் கண்ட செங்குருதியும், மஞ்செஸ்ரரின் வெப்பமானியும் அவற்றுட் படிந்துள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் அளவையாக மாறியபோதே அறிவு முன்னேறியது. பாடநூலின் ஒரு வரி வரைவிலக்கணத்தைப் படிக்கும் மாணவன், அவ்வொரு வரிக்காக மேயர் போன்றோர் செலுத்திய விலையையும் எண்ணிப் பார்ப்பானாயின், அதனை வெறுமனே மனனஞ் செய்வதோடு அமைதியுறான்.